அண்ணிக்காகப் பிடுங்கிய பல்

1

பினாங்கில் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். இன்னார் மகன் இன்னார், என் முழுச் சம்மதத்தின் பேரில்தான் என் பல் எடுக்கப்படுகிறது என்று அதில் ஆங்கிலத்திலும் மலாயிலும் அச்சடித்திருக்கிறது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிற எனக்குக் கையெழுத்துப் போடுவது புதிதில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் பிழைப்பு. இருந்தும் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு சர்க்கார் பல் ஆஸ்பத்திரி பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தாள் கைக்கு வருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. ஒரு ஜன்னலில் நம்பர் வாங்க வேண்டும், இன்னொரு ஜன்னலில் அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும். அந்தச் சீட்டில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயரும், அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயரும் இருக்கின்றன. கப்பலை விட்டு இறங்கிய அன்று ஒரு குமாஸ்தா மாற்றி எழுதியது. எட்டு வருஷமாக இந்த ஊர்க் காகிதங்களில் நான் என் அப்பாவாகத்தான் குடித்தனம் நடத்துகிறேன். திருத்திக் கொடுங்கள் என்று கேட்டால் ராயபுரத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். எங்கள் குப்பத்தில் பிறந்தவனுக்குக் கடல்தான் அத்தாட்சி, அதைக் கொண்டுவந்து காட்ட வழியில்லை.

டாக்டர் சீனர், இளவயசு, நிதானமானவர். மொழி பெயர்க்க என் மகள் சரோஜா கூட வந்திருந்தாள். பன்னிரண்டு வயசு, கன்னிகாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும்.

மேல்வரிசைப் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் என்னமோ கேட்டார்.

“ரெண்டு வருஷமா வலின்னு சொல்றீங்க, ஏன் இவ்ளோ நாள் வரலைன்னு கேக்கிறார்” என்றாள் சரோஜா.

“மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று எங்கள் ஊரில் பயம். அதைச் சொல்லு.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “நான் அதைச் சொல்ல மாட்டேன் அப்பா. வெட்கமா இருக்கு.” பிறகு டாக்டரிடம் இரண்டே வார்த்தை பேசினாள். அவர் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொன்னாளாம்.

நேரம் எனக்கு நிறையவே கிடைத்தது. தைரியம்தான் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்தப் பெஞ்சுக்குப் போனதும் எனக்காக இல்லை. ராயபுரத்தில் என் அண்ணி கன்னியம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் அழுகி, தாடை வீங்குவதும் வற்றுவதுமாக இருந்தது. யார் சொன்னாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார். அவரை அசைக்க என் பல் ஒன்றுதான் என் கையில் இருந்தது. அது ஏன் என்று விளங்க வேண்டுமானால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

என் அண்ணன் தேசப்பன், அப்பாவின் கட்டுமரத்தை விட்டுவிட்டு மெட்ராஸ் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பலின் வயிற்றுக்குள் ஏழெட்டுப் பேர் இறங்கி மூட்டை கட்டுவார்கள். மேலே விஞ்சு என்கிற பாரந்தூக்கியை ஓட்டுகிறவனுக்கு அவர்கள் தெரியமாட்டார்கள், அவர்களுக்கு விஞ்சு தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில், அந்தப் பெரிய பள்ளத்தின் விளிம்பில் நின்று கை காட்டுவது அண்ணனின் வேலை. உள்ளங்கை கீழே போனால் கொக்கி இறங்கும், விரல் மடங்கினால் நிற்கும். ஒரு விரல் தாமதமானால் மூட்டை யாராவது ஒருவன் தலையில் விழும். அண்ணன் கை காட்டிய காலத்தில் யாருக்கும் ஒரு கீறல் கூட விழுந்ததில்லை.

அதனால் அவருடைய கண் அவருக்கு மட்டும் சொந்தமில்லை, அந்தக் கூட்டத்துக்கே சொந்தம். மிளகாய் மூட்டை இறங்குகிற நாளில் அவரைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்க விடமாட்டார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாரா என்று ஆள் விட்டுக் கேட்பார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பொன்னாங்கண்ணிக் கீரையை முறை வைத்துக் கடைந்து ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் அனுப்புவார்கள். “எங்க வூட்ல கீரைக்குப் பஞ்சமே கெடையாது” என்று அண்ணி கேலி செய்வார். அந்தக் கேலியில் கர்வமும் கொஞ்சம் இருக்கும்.

யுத்தம் முடிந்த கையோடு அண்ணனுக்குப் பல்வலி வந்தது. மேல்வரிசையில், கண்ணுக்கு நேர் கீழே இருக்கிற கோரைப்பல். முதலில் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசியது. பிறகு டீ பட்டால் வலித்தது. அப்புறம் எதுவும் படாமலே விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. படுத்தால் அதிகமாகும் என்று சுவரில் சாய்ந்தே தூங்கினார். கிராம்பு வைத்தார், புகையிலை அடக்கினார், பெருங்காயம் உருட்டி வைத்தார். எருக்கம்பால் விட்டு நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “தாங்கலடா. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புடுங்கிக்கினு வந்துர்றேன்.”

சேதி எப்படிப் பரவியதோ, சாயங்காலத்துக்குள் கூட்டம் முழுவதும் வீட்டு வாசலில் வந்து நின்றது. முனுசாமி என்பவர்தான் பேசினார். பள்ளத்துக்குள் முதலில் இறங்குகிற ஆள் அவர்.

“அண்ணாத்தே, கீழ் பல்லுன்னா நாங்களே இட்டுகினு போவோம். இது மேல் பல்லு. கண்ணு நரம்பு அதுல தான் கீது. இன்னா வேணா பண்ணு, புடுங்க மட்டும் கூடாது.”

“வலி உயிர் போவுதுபா.”

“உன் கண்ணு போச்சுன்னா எங்க அத்தினி பேரு உயிரும் போச்சு. நீ புடுங்கிக்கினு வந்து நின்னியானா நாங்க எறங்க மாட்டோம். அவ்ளோதான் சொல்லிட்டோம்.”

அப்படிச் சொன்ன முனுசாமி அடுத்த நிமிஷமே அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணன் என்ன செய்வார்? சரி, புடுங்கல என்றார். இதை எழுதும்போதும் அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவு, அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

பிடுங்கக் கூடாது என்று ஆகிவிட்டதால் பூச்சி எடுக்கத் திருவொற்றியூருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு பெண்பிள்ளை கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டு, குழாய் வழியாகப் புகையைப் பல்லில் விடுவாள். அடியில் தண்ணீர்த் தட்டு இருக்கும். வெள்ளையாக எதுவோ அதில் விழும். அதுதான் பல்லுப் பூச்சி என்பாள். அண்ணனுக்கும் விழுந்தது. இரண்டு நாளில் வலி சுத்தமாக நின்றுவிட்டது.

எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள், அண்ணனுக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டார்கள். அண்ணி ரொம்ப நாளைக்குப் பிறகு எறா வறுத்தார். அண்ணன் அந்தப் பக்கத்திலேயே மென்று காட்டினார். ஈறில் சின்னதாக ஒரு கொப்புளம் இருந்தது. அதைப் புகையின் சூடு என்றார்கள்.

கொஞ்ச நாள் போனதும் மூக்கின் ஓரம் வீங்கியது. மறுநாள் கன்னம், அதற்கு மறுநாள் இமை. அண்ணன் ஒற்றைக் கண்ணோடு விளிம்பில் நின்று கை காட்டினார். கூட்டம் மூச்சுக் காட்டாமல் இறங்கி ஏறியது. குளிர் ஜுரம் வந்து அவர் விளிம்புப் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள்.

அங்கே டாக்டர் செய்த முதல் வேலை அந்தப் பல்லைப் பிடுங்கியது. கிண்ணம் நிறையச் சீழ் வந்தது. ஊசி மேல் ஊசி போட்டார்கள். ஆனால் சீழ் அதற்குள் கண்ணுக்குப் பின்னால் ஏறிவிட்டிருந்தது. கண் பிதுங்கி வெளியே நின்றது, பார்வை போனது, அண்ணனும் போனார்.

வந்து பார்த்தவர்கள் பார்த்த வரிசையில் கணக்குப் போட்டார்கள். பல்லைப் பிடுங்கினார்கள், கண் போயிற்று, ஆள் போயிற்று. “சொன்னமே, கேட்டாங்களா?” என்று பாடை கட்டும்போதே பேசிக்கொண்டார்கள். அதுவரை மேல் பல்லுக்கு மட்டும் இருந்த பயம் எங்கள் குப்பத்தில் எல்லாப் பல்லுக்கும் வந்துவிட்டது. தேசப்பன் கதையைச் சொன்னால் போதும், கன்னம் வீங்கிய எவனும் வீட்டை விட்டு நகரமாட்டான். உயிரோடு இருந்தவரை ஏழெட்டுப் பேரைக் காப்பாற்றிய என் அண்ணன், செத்த பிறகு எத்தனை பேரைத் தடுத்து நிறுத்தினாரோ தெரியாது.

3

நான் அதற்கப்புறம் அந்தத் துறைமுகத்தில் நிற்க முடியாமல் கப்பலேறி இங்கே வந்துவிட்டேன். வந்து சேர்ந்ததும் இன்னொரு துறைமுகம்தான். இங்கே மேல் விளிம்பில் நிற்பவர் ஒரு மலாய்க்காரர். அவர் கை மடங்கும்போது சில நாள் எழுதுகிற பென்சில் நின்றுவிடும்.

அண்ணி அங்கேயே இருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூவி விற்பார். இங்கே வந்துவிடுங்கள் என்று பலமுறை எழுதினேன். “அங்க வந்து நான் யாராண்ட பேசறது?” என்று பதில் எழுதச் சொல்லுவார்.

காசிம் பாய் ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். மெட்ராசுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருகிற கப்பலில் சமையல்காரர். பினாங்கில் கப்பல் நிற்கும்போதெல்லாம் வீட்டுக்கு வருவார். அவர் பேச்சைக் கேட்கவே நான் கப்பல் வருகிற நாளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் மழை விட்டதும் வந்தவர், நாற்காலியில் உட்காரும்போதே சொன்னார்:

“அண்ணே, உங்க அண்ணிக்குப் பல்லு பேஜாரா கீது. தாடை இந்தாண்ட வீங்குது, அப்பால சீழ் ஒடஞ்சி வத்துது, மறுக்கா வீங்குது. மீன் கூவ வாய் தொறக்க முடியல.”

“ஆஸ்பத்திரிக்கு?”

“எங்க போவுது! எம் புருசனக் கொண்டுபோன எடத்துக்கு என்னியும் அனுப்பறியான்னு சண்டைக்கு வருது.”

கடிதம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். காசிம் பாய் வேண்டாம் என்று கையாட்டினார். அண்ணிக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டினாலும் காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அண்ணியின் கட்சி. கண்ணால் பார்த்தவன் நேரில் வந்து சொன்னால்தான் நம்புவார்.

நானே போகலாம் என்று விசாரித்தேன். போவதற்குத் தடையில்லை, திரும்பி வருவதற்குத்தான் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு மனுக் கொடுத்தால் முதல் கேள்வியே பெயர் ஏன் மாறியிருக்கிறது என்பதாக இருந்தது. ராயபுரத்துக்குப் போய்விட்டு இங்கே வீட்டுக்கு வர முடியாமல் போனால் மனைவி மக்கள் கதி என்ன?

அப்போதுதான் என் பல் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கும் மேல்வரிசையில், அண்ணனுக்கு வந்த அதே பக்கம், இரண்டு வருஷமாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. “பாய், நீங்கள் சிங்கப்பூர் போய்த் திரும்பி வாருங்கள். அதற்குள் இதைப் பிடுங்கி வைக்கிறேன். என் கண்ணை நீங்களே சோதித்துப் பார்த்து, அண்ணியிடம் போய்ச் சொல்லுங்கள்” என்றேன்.

என் மனைவியும் ராயபுரத்துக்காரிதான். அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “இன்னா வெளையாடறியா? கண்ணு போச்சுன்னா யாரு கணக்கெழுதறது?” என்று கத்தினாள். அவளுக்கு மட்டுமா பயம்? எனக்கும்தான்.

4

கையெழுத்துப் போட்டேன். ஊசி போட்டு ஈறு மரத்துப்போனதும் டாக்டர் பிடுங்கினார். முருங்கைக்காய் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, வலியே இல்லை. நான் இரண்டு கண்ணையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் தெரிந்தது. எழுத்தும் தெரிந்தது. சரோஜா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்ததை அவள் பயம் என்று நினைத்திருப்பாள். நான் அண்ணனை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் ஏறி மிதித்தது இவள்தான், இவளுக்கு அவர் முகம் கூட ஞாபகம் இல்லை.

வாயில் பஞ்சை அடக்கியபடியே அண்ணன் கதையைச் சொல்லி டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். இந்தத் தடவை சரோஜா வெட்கப்படாமல் முழுவதும் சொன்னாள். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார்.

சூடும் குளிரும் பட்டுக் கூசும்போதே வந்திருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம். தானாகத் தெறித்து வலிக்க ஆரம்பித்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. அப்படி வலித்த பல்லில் வலி மருந்தில்லாமல் சட்டென்று நின்றுவிட்டால் அதுதான் மோசம். பல்லுக்குள் இருக்கிற உயிர் செத்துவிட்டது, வலி சொல்ல ஆளில்லை, சீழ் மட்டும் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். பூச்சி என்று ஒன்று கிடையாது. முகம் வீங்கினாலும், ஜுரம் வந்தாலும், வாய் திறக்க முடியாவிட்டாலும், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலும் அன்றைக்கே, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மேலே இருந்தால் கண்ணுக்கு ஏறும், கீழே இருந்தால் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கும். பல்லை எடுத்ததால் உங்கள் அண்ணன் சாகவில்லை, எடுக்காமல் வைத்திருந்ததால் செத்தார் என்றார். அண்ணனுக்குத் தேங்காய் உடைத்த அந்த நாளையே நினைத்துக்கொண்டு வீடு வரை நடந்தேன்.

காசிம் பாய் திரும்பி வந்ததும் துறைமுகத்து டீக்கடையில் பரீட்சை நடந்தது.

“வாயத் தொறங்க அண்ணே.” குனிந்து உள்ளே பார்த்தார். “ஆமா, பள்ளம் கீது.” பிறகு என் ஒரு கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். “இது எத்தினி வெரல்?”

“மூணு.”

“அதோ நிக்குதே கப்பலு, கொடி இன்னா கலரு?”

“நீலம். நடுவில் வெள்ளைக் கோடு.”

“எனக்கே கோடு தெரியலயே!” என்று சிரித்துவிட்டார். டீக்கடைச் சீனர் எங்களைப் பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார். டாக்டர் சொன்ன அத்தனையும் பாய்க்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக் கொடுத்தேன். அண்ணியை அக்கா என்றுதான் பாய் கூப்பிடுவார். அல்லா மேல் ஆணையாக அக்காவை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டுத்தான் மறு வேலை என்று சொல்லிப் போனார். அன்றைக்கு நான் ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

5

அடுத்த முறை கப்பல் வந்தபோது காசிம் பாய் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் துறைமுகத்தில் தேடிப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

“அக்கா போய்ட்டாங்க அண்ணே.”

மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மெட்ராசில் கப்பல் நின்ற அன்றைக்கே பாய் அண்ணி வீட்டுக்குப் போனாராம். கழுத்து வரை வீங்கி, ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் கூட வாய் திறக்காமல், அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாராம். ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்திவிட்டு எவ்வளவோ கெஞ்சினாராம். மறுநாள் காலையில் எச்சில் இறங்கவில்லை, மூச்சு இழுத்தது. அக்கம்பக்கத்தார் அப்புறம்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே முடிந்துவிட்டது.

“என் பல்லைப் பற்றிச் சொன்னீர்களா பாய்?”

“சொன்னேன் அண்ணே. மேல் பல்லு, அதே பக்கம், நானே வாய் தொறந்து பாத்தேன், ரெண்டு கண்ணும் ஜோரா கீதுன்னு சத்தியம் பண்ணேன். அக்கா நம்பிச்சு. நான் பொய் சொல்றேன்னு சொல்லவேயில்ல.”

“நம்பினார்களா? அப்புறம் ஏன் வரவில்லை?”

பாய் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டார்.

“அவுரு அந்த ஊரு ஆளாயிட்டாருபா, அவுருக்கு ஒண்ணும் ஆவாது, இங்க கீறவங்களுக்குத்தான் ஆவும்னு சொல்லிச்சு.”

இதைப் படிக்கிற ராயபுரத்துக்காரர்களே, திருவொற்றியூர்க்காரர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது கன்னம் வீங்கியிருந்தால், வலித்த பல் திடீரென்று வலிக்காமல் போயிருந்தால், சீன டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லுங்கள். பினாங்கில் இருக்கிற ஒருவன் எழுதினான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தெருவிலேயே, உங்கள் குழாயடியிலேயே பல்லைப் பிடுங்கிக்கொண்டு சுகமாக இருப்பவர் ஒருவராவது இருப்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.